அடுப்புக்கும் உண்டு கான்பிகரேஷன்!

கம்ப்யூட்டர் வாங்கப் புறப்பட்ட அன்று எத்தனை கேள்விகள் கேட்டீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். பிராசசர் என்ன, ராம் எத்தனை ஜிபி, ஹார்ட் டிஸ்க்கா எஸ்.எஸ்.டி.யா, வாரண்டி எத்தனை ஆண்டு என்று கடைக்காரரைத் துளைத்து எடுத்திருப்பீர்கள். விஷயம் தெரிந்த ஒரு நண்பரையும் துணைக்கு அழைத்துப் போயிருப்பீர்கள். ஆனால் சமையலறைக்கு அடுப்போ ஓவனோ வாங்கும்போது நாம் கேட்பது இரண்டே கேள்விகள்தான். எத்தனை பர்னர்? என்ன விலை?

கம்ப்யூட்டர் இதழில் அடுப்புக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். இன்றைய இண்டக்ஷன் அடுப்பும் மைக்ரோவேவ் ஓவனும் நம் கம்ப்யூட்டரின் சொந்தக்காரர்கள்தாம். இரண்டுக்குள்ளும் மைக்ரோகண்ட்ரோலர் சிப் இருக்கிறது. கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். செய்வதைப் போலவே இண்டக்ஷன் அடுப்பும் ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றி, அதை வினாடிக்கு 20 ஆயிரம் முறைக்கு மேல் திசை மாறும் மின்சாரமாக ஆக்கித் தன் காயிலுக்கு அனுப்புகிறது. எனவே கம்ப்யூட்டரைப் போலவே இவற்றுக்கும் கான்பிகரேஷன் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

எந்தக் கம்ப்யூட்டர் சிறந்தது என்று என்னிடம் கேட்பவர்களை, எதற்காக வாங்குகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பது வழக்கம். அடுப்புக்கும் அதே பதில்தான். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்கள் பிறகு இருக்கட்டும். உங்கள் வீட்டில் ஏற்கனவே இருக்கும் மூன்று விஷயங்களை முதலில் பாருங்கள். பிளக் பாயின்ட், பாத்திரங்கள், உங்கள் வீட்டுச் சமையல். இவற்றுக்குப் பொருந்தாத அடுப்பு எத்தனை விலை உயர்ந்ததாக இருந்தாலும் பரணுக்குத்தான் போகும்.

முதலில் பிளக் பாயின்ட்

நம் வீடுகளில் இரண்டு வகை பிளக் பாயின்ட்கள் இருக்கின்றன. டேபிள் ஃபேன், டிவி, கம்ப்யூட்டர் செருகும் சிறியது 6 ஆம்பியர். ஏ.சி., கீசர் செருகும் பெரியது 16 ஆம்பியர். இதைப் பவர் பிளக் என்பார்கள். எத்தனை வாட்ஸ் தாங்கும் என்று அறிய ஆம்பியரை 230 வோல்ட்டால் பெருக்குங்கள். சிறியது 1380 வாட்ஸ் வரை. பெரியது 3680 வாட்ஸ் வரை.

இப்போது இண்டக்ஷன் அடுப்பின் பெட்டியைப் பாருங்கள். 2000 வாட்ஸ் என்று போட்டிருந்தால் அது இழுக்கும் கரண்ட் 8.7 ஆம்பியர். சிறிய பாயின்ட்டில் இதை ஓட்டவே கூடாது. கன்வெக்ஷன் வகை மைக்ரோவேவ் ஓவன்களும் 2000 வாட்ஸைத் தாண்டுவது உண்டு. ஓ.டி.ஜி. எனப்படும் சிறிய மின்சார ஓவன்கள் பெரும்பாலும் 1200 முதல் 1500 வாட்ஸ் வரை இருக்கும். அவற்றுக்கும் பவர் பிளக்கே நல்லது.

பெரிய பிளக் சிறிய பாயின்ட்டில் நுழையாது. அப்படி வடிவமைத்திருப்பதே நம் பாதுகாப்புக்காகத்தான். ஆனால் பெரிய பிளக்கைச் சிறிய பாயின்ட்டில் செருக உதவும் கன்வெர்ஷன் பிளக் எல்லா எலக்ட்ரிகல் கடைகளிலும் கிடைக்கிறது. எங்கள் தெருவில் ஒருவர் இந்தக் கன்வெர்ஷன் பிளக்கைக் கம்ப்யூட்டரின் ஸ்பைக் பஸ்டரில் செருகி, அதில் புதிய இண்டக்ஷன் அடுப்பை ஓட்டினார். நான்காம் நாள் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. நான் போய்ப் பார்த்தபோது ஸ்பைக் பஸ்டரின் ஒரு துளை உருகி, பிளக் அதிலேயே ஒட்டிக் கொண்டிருந்தது. வீட்டில் ஆள் இருந்ததால் தப்பித்தார்கள். கரண்ட் இரு மடங்கானால் வயரில் உண்டாகும் சூடு நான்கு மடங்காகும் என்பதை மறக்க வேண்டாம்.

எனவே சமையலறையில் பவர் பிளக் இருக்கிறதா, அதற்கு மெயின் போர்டிலிருந்து தனி வயர் வருகிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை அழைத்துப் பாருங்கள். 16 ஆம்பியர் பாயின்ட்டுக்கு 2.5 சதுர மி.மீ.க்குக் குறையாத காப்பர் வயரும் தனி எம்.சி.பி.யும் வேண்டும். ஃபிரிட்ஜ், மிக்ஸி, இண்டக்ஷன் மூன்றையும் ஒரே லைனில் தொங்கவிட்டால் எம்.சி.பி. ட்ரிப் ஆகிக்கொண்டே இருக்கும்.

கவனிக்க: கம்ப்யூட்டரின் யு.பி.எஸ்.ஸில் அடுப்பையோ ஓவனையோ இணைக்கவே கூடாது. வீடுகளில் உள்ள 600 விஏ யு.பி.எஸ். தருவது சுமார் 360 வாட்ஸ்தான். விளக்கு, ஃபேன் ஓட்டும் வீட்டு இன்வெர்ட்டரும் இவற்றைத் தாங்காது. கரண்ட் போனால் இந்த அடுப்புகள் வேலை செய்யாது என்று எடுத்துக் கொண்டே திட்டமிடுங்கள்.

உங்கள் பாத்திரம் கம்பேட்டிபிளா?

புதிய பிரிண்டர் பழைய விண்டோஸில் ஓடுமா என்று பார்ப்பது போல, பாத்திரம் அடுப்புக்குப் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். இண்டக்ஷன் அடுப்பு தான் சூடாவதில்லை. கண்ணாடிக்கு அடியில் உள்ள காயில் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. அந்தப் புலம் பாத்திரத்தின் அடியில் மின்சாரத்தைச் சுழலச் செய்து பாத்திரத்தையே சூடாக்குகிறது. இதற்குப் பாத்திரத்தின் அடி காந்தம் ஒட்டும் உலோகமாக இருக்க வேண்டும்.

சோதனை மிக எளிது. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தப் பொம்மையை எடுத்து ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் வைத்துப் பாருங்கள். கெட்டியாக ஒட்டினால் பொருந்தும். அலுமினியக் குக்கர், பித்தளை உருளி, செம்புப் பாத்திரம், மண்சட்டி ஆகியவற்றில் ஒட்டாது. எவர்சில்வர் என்றாலே பொருந்தும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது சரியல்ல. எவர்சில்வரில் காந்தம் ஒட்டும் வகையும் இருக்கிறது, ஒட்டாத வகையும் இருக்கிறது. இண்டக்ஷன் பேஸ் என்று எழுதிய குக்கர்களில் அடியில் காந்தம் ஒட்டும் தகடு சேர்த்திருப்பார்கள்.

பாத்திரங்களை மாற்ற விருப்பமில்லையா? இன்ஃப்ராரெட் அடுப்பு என்ற வகையைப் பாருங்கள். இதில் கண்ணாடிக்கு அடியில் ஹீட்டர் சிவந்து எரியும். தட்டையான அடி உள்ள எந்த உலோகப் பாத்திரமும் வைக்கலாம். ஆனால் கண்ணாடியே சூடாவதால் மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் கை சுடும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இதை யோசிக்க வேண்டும்.

தோசைக்கல் பிரச்சினை

இண்டக்ஷன் வாங்கியவர்களிடம் நான் அதிகம் கேட்ட புகார் இது. "தோசை நடுவில் கருகுகிறது, ஓரம் வேகவே இல்லை." அடுப்பு ரிப்பேர் என்று சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக் கொண்டு போனவர்களும் உண்டு. ரிப்பேர் எதுவும் இல்லை. கண்ணாடி எத்தனை பெரிதாக இருந்தாலும் சூடு உண்டாவது காயிலுக்கு நேர் மேலே மட்டும்தான். சிறிய அடுப்புகளில் இந்தக் காயிலின் விட்டம் 20 செ.மீ.க்குள்தான் இருக்கும். அதன் மேல் 30 செ.மீ. தோசைக்கல்லை வைத்தால் ஓரத்துக்குச் சூடு மெதுவாகவே பரவும். காஸ் அடுப்பில் தீ ஜுவாலை வெளிப்பக்கம் விரிந்து ஓரம் வரை நக்கும். இங்கே அது கிடையாது.

இரும்புத் தோசைக்கல் இண்டக்ஷனில் வேலை செய்யும் என்பது நல்ல செய்தி. குறைந்த வாட்ஸில் ஐந்தாறு நிமிடம் சூடாக்கி, பிறகு கூட்டினால் ஓரளவு சீராக வரும். எடுத்த எடுப்பில் முழு வாட்ஸில் வைத்தால் மெல்லிய கல் வளைந்துவிடும். வார்ப்பிரும்புக் கல் வெடிக்கக்கூட வாய்ப்பு உண்டு. அடி குழிந்த கல்லும் சரிப்படாது. தினமும் நான்கு பேருக்குத் தோசை சுடும் வீடு என்றால் காஸை விட்டுவிடாதீர்கள். நேரடித் தீயில் சுடும் அப்பளம், கத்தரிக்காய், ஃபுல்கா ஆகியவையும் இண்டக்ஷனில் நடக்காது. இட்லி, சாதம், சாம்பார், பால், வெந்நீர் ஆகியவற்றுக்கு இண்டக்ஷன் வெகு வசதி.

காயில் அளவு பெட்டியில் பெரும்பாலும் இருக்காது. இங்கேதான் உங்கள் கம்ப்யூட்டர் கை கொடுக்கும். தயாரிப்பாளரின் இணைய தளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்துத் தேடினால் யூசர் மேனுவல் பி.டி.எஃப். ஃபைலாகக் கிடைக்கும். வாங்கும் முன்பே டவுன்லோட் செய்து படியுங்கள். ஃபைலைத் திறந்து கன்ட்ரோல் கீயுடன் எஃப் கீயை அழுத்தினால் தேடும் கட்டம் வரும். அதில் காயில், வோல்டேஜ், வாரண்டி போன்ற சொற்களை ஆங்கிலத்தில் டைப் செய்து தேவையான வரிகளுக்கு நேராகப் போகலாம்.

மேலும் ஒன்று. விலை குறைந்த அடுப்புகளில் 300 வாட்ஸ் என்று வைத்தால் அது தொடர்ந்து 300 வாட்ஸ் தருவதில்லை. சில வினாடிகள் அதிக வாட்ஸில் ஓடும், பிறகு சில வினாடிகள் நிற்கும். சராசரிதான் 300. பால் பொங்கி வழிவதும் பாயசம் அடிபிடிப்பதும் இதனால்தான். கடையில் தண்ணீர் வைத்து, குறைந்த அளவில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். விட்டு விட்டுக் கொதித்தால் அந்த மாடல் இப்படித்தான் என்று புரிந்து கொள்ளலாம்.

காஸ் ஹாப் வாங்குவோர் கவனத்துக்கு

கிரானைட் மேடையை வெட்டி அதற்குள் பதிக்கும் அடுப்பைத்தான் ஹாப் என்கிறார்கள். மாடுலர் கிச்சன் போடுபவர்கள் எல்லோரும் இதைக் கேட்கிறார்கள். பார்க்க அழகு. மேடையைத் துடைப்பதும் எளிது. ஆனால் கிரானைட்டை ஒரு முறை வெட்டினால் வெட்டியதுதான். சில ஆண்டுகள் கழித்து வேறு அளவில் ஹாப் வாங்கினால் பொருந்தாது. எனவே ஹாப்பைக் கையில் வாங்கி, மேனுவலில் உள்ள கட்அவுட் அளவைப் பார்த்த பிறகே ஆசாரியை வெட்டச் சொல்லுங்கள்.

ஹாப்பில் நான் முதலில் பார்க்கும் வசதி ஃபிளேம் ஃபெயிலியர் டிவைஸ். காற்றிலோ, பொங்கி வழிந்தோ தீ அணைந்துவிட்டால் காஸ் வருவதை இது தானாக நிறுத்திவிடும். எல்லா மாடல்களிலும் இது கிடையாது. கேட்டு வாங்குங்கள். சிலிண்டரா, குழாய் காஸா என்பதையும் கடையில் சொல்லுங்கள். இரண்டுக்கும் ஜெட் அளவு வேறு. எல்.பி.ஜி. அடுப்புக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 4246. ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு அருகில் உள்ள லைசென்ஸ் எண்ணை பி.ஐ.எஸ். கேர் என்ற அரசு ஆப்பில் கொடுத்து அசல்தானா என்று சரிபார்க்கலாம்.

நான்கு இடங்களில் சமைக்கும் மின்சார இண்டக்ஷன் ஹாப் வாங்க நினைப்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். இவற்றில் 7000 வாட்ஸைத் தாண்டும் மாடல்கள் இருக்கின்றன. அதாவது 30 ஆம்பியருக்கு மேல். இதற்குப் பவர் பிளக்கும் போதாது. தனி லைன் வேண்டும். மின் இணைப்பில் அனுமதிக்கப்பட்ட லோடு போதுமா என்றும் மின் வாரிய அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

ஓவனில் எது வேண்டும்?

ஓவன் என்ற ஒரே பெயரில் வெவ்வேறு சாதனங்கள் விற்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்ப்போம்.

சோலோ மைக்ரோவேவ்: சூடாக்குவதற்கும் வேகவைப்பதற்கும் மட்டும். கேக், பிஸ்கட் சரியாக வராது. மிஞ்சிய சாம்பாரைச் சூடாக்கத்தான் ஓவன் என்றால் இதுவே போதும்.

கிரில் மைக்ரோவேவ்: மேலே ஒரு ஹீட்டர் இருக்கும். மேல்பாகம் சிவக்க வேண்டிய பண்டங்களுக்கு ஏற்றது.

கன்வெக்ஷன் மைக்ரோவேவ்: ஹீட்டரும் ஃபேனும் சேர்ந்து சூடான காற்றைச் சுழல விடும். கேக் செய்யலாம். விலை அதிகம்.

ஓ.டி.ஜி.: இதில் மைக்ரோவேவ் கிடையாது. மேலும் கீழும் ஹீட்டர் ராடுகள். வாரா வாரம் கேக், ரொட்டி செய்பவர்களுக்கு இதுவே ஏற்றது. அலுமினிய டின்னையும் உள்ளே வைக்கலாம். 10, 15 நிமிடம் முன்கூட்டியே சூடாக்க வேண்டும்.

மைக்ரோவேவ் வாங்கும்போது இன்புட், அவுட்புட் என்ற இரண்டு வாட்ஸ் எண்களைக் குழப்பிக் கொள்ள வேண்டாம். அவுட்புட் 800 என்றால் உணவுக்குப் போய்ச் சேருவது 800 வாட்ஸ். அதற்காக மீட்டரில் ஓடுவது 1200 வாட்ஸுக்கு அருகில் இருக்கும். சமையல் குறிப்புகளில் வரும் நிமிடக் கணக்கு அவுட்புட்டைப் பொறுத்தது. பிளக் பாயின்ட் தாங்குமா என்பது இன்புட்டைப் பொறுத்தது.

ஓவன் ஓடினால் வை-ஃபை ஏன் படுத்துவிடுகிறது?

மைக்ரோவேவ் ஓவன் பயன்படுத்தும் அலைவரிசை 2450 மெகாஹெர்ட்ஸ். உங்கள் வை-ஃபை ரௌட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் பேண்ட் இதே இடத்தில்தான் இருக்கிறது. ஓவனுக்குள் நூற்றுக்கணக்கான வாட்ஸ். ரௌட்டர் அனுப்புவதோ சுமார் 0.1 வாட். கதவு இடுக்கில் கசியும் மிகச் சிறு அளவுகூட ரௌட்டரின் சிக்னலைக் குழப்பிவிடும். வீடியோ நின்று நின்று வருவது இதனால்தான்.

இதைக் கண்டு பயப்பட வேண்டாம். கதவிலிருந்து 5 செ.மீ. தூரத்தில் ஒரு சதுர செ.மீ.க்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் கசியக் கூடாது என்பது பன்னாட்டு வரம்பு. கம்ப்யூட்டரை ரௌட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் பேண்டுக்கு மாற்றிவிட்டால் தொல்லை தீரும். செல்போனை ஓவனுக்குள் வைத்து ரிங் அடித்துப் பார்க்கும் சோதனையைச் செய்து கலங்காதீர்கள். போன் மிகமிகச் சிறிய சிக்னலையும் பிடிக்கக்கூடியது. அதை வைத்து ஓவனின் கசிவை அளக்க முடியாது. ஆனால் கதவு வளைந்திருந்தாலோ, சரியாக மூடாவிட்டாலோ அந்த ஓவனைப் பயன்படுத்தாதீர்கள்.

எக்ஸெல்லில் ஒரு கணக்கு

காஸ் மலிவா, கரண்ட் மலிவா? இதற்கு ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் பதில் மாறும். நீங்களே எக்ஸெல்லில் கணக்குப் போடுங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமில் போடலாம்.

பி1 செல்லில் 14.2 என்று டைப் செய்யுங்கள். இது வீட்டுச் சிலிண்டரில் உள்ள காஸ், கிலோவில். பி2-இல் 12.7. ஒரு கிலோ காஸில் உள்ள வெப்பம், மின்சார யூனிட் கணக்கில். பி3-இல் 68%. காஸ் அடுப்புக்குத் தர நிர்ணயம் கேட்கும் குறைந்தபட்சத் திறன். பி4-இல் 85%. இண்டக்ஷனுக்கு ஏறத்தாழ இந்த அளவு என்று வைத்துக் கொள்வோம். இப்போது பி5-இல் சமக் குறி போட்டு, பி1-ஐ கிளிக் செய்யுங்கள். நட்சத்திரக் குறி போட்டு பி2, மீண்டும் நட்சத்திரக் குறி போட்டு பி3. பிறகு சாய்வுக் கோடு போட்டு பி4. என்டர் தட்டினால் 144 என்று வரும்.

அதாவது ஒரு சிலிண்டர் செய்யும் வேலையை இண்டக்ஷன் சுமார் 144 யூனிட்டில் செய்கிறது. உங்கள் ஊர் சிலிண்டர் விலையை 144-ஆல் வகுங்கள். 900 ரூபாய் என்றால் 6 ரூபாய் 25 காசு. உங்களுக்கு ஒரு யூனிட் கரண்ட் இதைவிடக் குறைவாகக் கிடைத்தால் இண்டக்ஷன் லாபம். ஆனால் சராசரிக் கட்டணத்தைப் பார்க்காதீர்கள். அடுப்பு செலவழிக்கும் யூனிட்டுகள் ஏற்கனவே உள்ள செலவுக்கு மேல் சேருபவை. எனவே உங்கள் பில்லின் கடைசி ஸ்லாப் கட்டணத்தைப் போடுங்கள். கூடுதல் யூனிட்டால் அடுத்த ஸ்லாப்புக்குத் தாண்டினால் அந்தக் கட்டணத்தைப் போட வேண்டும்.

ஒரு வீடு, ஒரு கான்பிகரேஷன்

இத்தனையும் ஒரு வீட்டில் எப்படிப் பொருந்துகிறது என்று பார்ப்போம். திருச்சியில் பழைய அபார்ட்மெண்டில் குடியிருக்கும் என் தங்கை போன் செய்தாள். "அண்ணா, ஷோரூமில் நாலு பர்னர் ஹாப்பும் கன்வெக்ஷன் ஓவனும் சேர்த்து ஆஃபர் தர்றாங்க. வாங்கட்டுமா?" என்றாள். அவளும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். பகலில் வீட்டில் மாமியார் மட்டும். 76 வயது. பாலை வைத்துவிட்டு மறந்துபோய், இரண்டு முறை பாத்திரம் கருகியிருக்கிறது. ஒரு முறை பால் பொங்கித் தீ அணைந்து காஸ் கசிந்திருக்கிறது.

இந்த வீட்டுக்கு நான்காவது பர்னரைவிடத் தானாக அணையும் அடுப்பு முக்கியம். நாங்கள் முடிவு செய்த பட்டியல் இது. காலைத் தோசைக்கு இருக்கும் இரண்டு பர்னர் காஸ் அடுப்பே தொடரட்டும். பகல் நேரத்துக்கு டைமர் உள்ள 1600 வாட்ஸ் இண்டக்ஷன். பாத்திரத்தை எடுத்தால் நின்றுவிடும். பத்து நிமிடம் வைத்தால் பத்தாவது நிமிடம் அணைந்துவிடும். டச் பட்டனில் அவருக்கு விரல் பழகவில்லை என்பதால் அழுத்தும் பட்டன் உள்ள மாடல். கேக் செய்யும் பழக்கம் இல்லாததால் 20 லிட்டர் சோலோ மைக்ரோவேவ். மிச்சமான பணத்தில் மெயின் போர்டிலிருந்து சமையலறைக்கு இரண்டு தனி லைன். இப்போது பகலில் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடிவிட்டுத்தான் என் தங்கை வேலைக்குக் கிளம்புகிறாள்.

உங்கள் வீட்டுப் பட்டியல் வேறாக இருக்கலாம். வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தால் இண்டக்ஷன் வாங்கும் முன் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

கடைக்குப் போகும் முன்

1. சமையலறையில் பவர் பிளக், தனி லைன், எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.

2. காந்தத்தை வைத்துப் பாத்திரங்களைப் பிரியுங்கள். புதிதாக வாங்க வேண்டிய பாத்திரங்களின் விலையையும் அடுப்பு விலையோடு சேருங்கள்.

3. ஒரு வாரம் என்ன சமைத்தீர்கள் என்று எழுதுங்கள். அதில் தீ தேவைப்படுவது எத்தனை என்று எண்ணுங்கள்.

4. ஓவனோ ஹாப்போ வைக்கும் இடத்தை டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பின்னாலும் பக்கத்திலும் காற்றோட்டத்துக்கு மேனுவல் சொல்லும் இடைவெளி வேண்டும்.

5. உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, போர்டுக்கு வாரண்டி எத்தனை ஆண்டு என்று கேளுங்கள். கரப்பான் பூச்சி புகுந்து போர்டு கெட்டால் வாரண்டி கிடைக்குமா என்பதையும் மேனுவலில் பாருங்கள். வெதுவெதுப்பான இடம் என்பதால் அவை உள்ளே குடியேறுவது நம் ஊரில் வாடிக்கை.

இவற்றுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். விவரங்களை ஒரே எக்ஸெல் ஷீட்டில் போட்டு, பிரிண்ட் எடுத்துக் கடைக்குக் கொண்டு போங்கள். கம்ப்யூட்டர் வாங்கிய அன்று கேட்டதைவிட நல்ல கேள்விகளை இம்முறை நீங்கள் கேட்பீர்கள்.